திண்டிவனம் மெஷினில் இருந்த பெயர்

அமலாவிடம் ‘ங்க’ போட்டுப் பேசிய முதல் ஆள் ராஜ்குமார்தான். கண்டமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்த அவளுடைய ஊரில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. அப்பா சின்னக்கண்ணு கரும்பு வெட்டப் போகிறவர். அவர் தலை முழுக்க நரைத்த பிறகும் ஊர்த்தெருப் பையன்கள் ‘சின்னக்கண்ணு, இங்க வா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மா இருதயமேரி தினமும் புதுச்சேரி பஸ் பிடித்துப் போய் ஒரு லாட்ஜில் துணி துவைத்தாள். அவள் கை வெந்து வெளுத்ததில்தான் அமலா விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாள்.

வேலையும் விழுப்புரத்திலேயே கிடைத்தது. கிருஷ்ணசாமி என்பவர் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்து, பிறகு வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்திருந்தார். விழுப்புரத்தில் ஓர் ஆபீஸ், திண்டிவனத்தில் ஓர் ஆபீஸ். இரண்டிலும் ஒவ்வொரு சர்வர். விழுப்புரத்து மெஷினைப் பார்த்துக்கொள்ள அமலா, திண்டிவனத்து மெஷினுக்கு ராஜ்குமார். இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள்.

முதல் நாள் போனை எடுத்ததும், “அமலாங்களா? நான் திண்டிவனத்துல இருந்து ராஜ்குமார் பேசறேன்ங்க. உங்க மெஷின் எப்டி இருக்குதுங்க?” என்று கேட்டது குரல். வேறு யாரையோ கேட்கிறான் என்று நினைத்து அமலா திரும்பிப் பார்த்தாள்.

ராஜ்குமாருக்கு ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமம். சொந்த நிலம், கிணறு, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். அப்பா இல்லை, அம்மா கெங்கம்மாள் மட்டும். அமலா எங்கிருந்து வருகிறாள், யார் வீட்டுப் பெண் என்பதெல்லாம் கொஞ்ச நாளில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ‘ங்க’ போகவில்லை. அதை அமலா கவனித்து வைத்துக்கொண்டாள்.

அவர்களுடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த சர்வர்களில் ஓடியது இலவசமாகக் கிடைக்கும் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதில் எங்காவது ஓட்டை கண்டுபிடித்தால், அதை உருவாக்குகிறவர்கள் எல்லோருக்கும் மெயில் அனுப்புவார்கள். ஓட்டையை அடைக்கும் ஒவ்வொரு பேட்சுக்கும் ஓர் எண் உண்டு. பி-1, பி-2 என்று அது ஏறிக்கொண்டே போகும், புது வெர்ஷன் வந்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். மற்ற இடங்களில் தயாராக வரும் அப்டேட்டை இறக்கிப் போட்டுவிடுவார்கள். இவர்கள் மெஷினில் இருந்த பழைய நெட்வொர்க் கார்டுக்காகச் சின்ன மாற்றம் ஒன்று செய்து வைத்திருந்ததால் அது ஒத்து வராது. சோர்ஸ் கோடை இறக்கி, மெஷினிலேயே பில்டு பண்ணித்தான் போட வேண்டும். அதில் இரண்டு பாகம். மெஷினை ஆட்டி வைக்கிற நடுப்பகுதி கர்னல். அதைச் சுற்றியிருக்கும் மற்ற எல்லாமும் சேர்ந்தது வேர்ல்டு. முதலில் கர்னலைப் போட்டு, மெஷினை ரீபூட் செய்து, அது நன்றாக எழுந்து வந்தால்தான் வேர்ல்டைப் போடலாம்.

குழப்பம் எங்கே வரும் என்றால், மெஷினிடம் ‘நீ எந்த எண்ணில் இருக்கிறாய்’ என்று கேட்டால் அது கர்னலின் எண்ணைத்தான் சொல்லும். வேர்ல்டின் எண்ணைத் தனியாகக் கேட்க வேண்டும். அதனால் இருவரும் போனில் எப்போதும் இரண்டையும் கேட்டுக்கொள்வார்கள்.

“கர்னல் எவ்ளோங்க?”

“நாலு.”

“வேர்ல்டு?”

“அதுவும் நாலு. உங்களுக்கு?”

“மூணுல நிக்குது. இருங்க, பில்டு ஓடிக்கினு இருக்குது.”

பில்டு ஓடி முடிய மணிக்கணக்காகும். அதுவரை போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே யாரோ சண்டை போட்டது, அமலாவின் பாசஞ்சர் ரயில் சின்னபாபு சமுத்திரம் ஸ்டேஷனில் நின்றே போனது, கெங்கம்மாள் கிணற்று மோட்டாரோடு தினமும் போராடுவது. மெஷின் ரீபூட் ஆகும்போது மட்டும் இரண்டு பேரும் பேச மாட்டார்கள். “வந்திச்சுங்க” என்று ஒருவர் சொன்ன பிறகுதான் மற்றவர் மூச்சு விடுவார். இப்படி எட்டொன்பது வருஷம் போனது.

வீட்டில் அமலாவுக்கு வரன் பார்த்தார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னாள். ராஜ்குமாருக்கும் பார்த்தார்கள் என்று அவன் பேச்சிலிருந்தே தெரியும். அவனும் ஏதோ சொல்லித் தட்டிக்கொண்டு வந்தான்.

ஒருமுறை திண்டிவனத்து மெஷினுக்கு டிஸ்க் மாற்ற அமலா போயிருந்தாள். வேலை முடிந்து அவளை ஸ்டேஷனில் விட வந்தவன், பிளாட்பாரத்தில் நின்று தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னான்:

“எங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்க அமலா.”

அமலாவுக்குப் புரிந்தது. ஆனாலும், “நான் ஒண்ணும் கேக்கலியேங்க” என்றாள்.

“தெரியும். நானாத்தான் சொன்னேன்.”

ரயில் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். மறுநாள் வழக்கம்போல போன் வந்தது. “கர்னல் எவ்ளோங்க?” என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்கள் பக்கத்துக் கிராமங்களில் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

அதற்கடுத்த வருஷம் பொங்கல் கழிந்து சில நாளில் பி-2 மெயில் வந்தது. கர்னல், வேர்ல்டு இரண்டிலும் ஓட்டை. அமலா விழுப்புரத்தில் முதலில் முடித்துவிட்டாள். திண்டிவனத்தில் ராஜ்குமார் எல்லாவற்றையும் பில்டு பண்ணி வைத்துவிட்டு, ஜனங்கள் இன்டர்நெட்டை அதிகம் தொடாத மத்தியான வேளையில் கர்னலைப் போட்டு ரீபூட் செய்தான். அமலா போனில் இருந்தாள்.

“வந்திச்சுங்க. கர்னல் பி-2. வேர்ல்டு இன்னும் ஒண்ணுலதான் நிக்குது, இனிமேதான் போடணும்.” பிறகு, “காலைல இருந்து நெஞ்சு ஒரே கரிப்பா இருக்குதுங்க. பேஜாரா இருக்குது” என்றான்.

“காலைல என்ன சாப்ட்டீங்க?”

“பூரி.”

“அப்ப கேஸ்தான். போய் ஒரு சோடா குடிச்சிட்டு வாங்க. வேர்ல்டு எங்கயும் ஓடிடாது.”

“அதுவும் சரிதான். ஜல்தியா வந்துடறேன்” என்று சிரித்துக்கொண்டே வைத்தான்.

திரும்ப அவன் நம்பரிலிருந்து போன் வந்தபோது வேறொரு குரல் பேசியது. ஆபீசுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருப்பவர்.

“இந்த போன்காரருக்கு நீங்க யாரும்மா? கடைசியா உங்க நம்பர்தான் இருந்திச்சு.”

“கூட வேலை செய்றேன். என்னங்க ஆச்சு?”

“சோடா கேட்டாரு, ஒடச்சிக் குடுக்கறதுக்குள்ள அப்டியே சாஞ்சிட்டாரும்மா. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோம். வூட்டுக்குச் சொல்லிடுங்க.”

அவன் வீட்டு நம்பர் அமலாவிடம் இல்லை. இத்தனை வருஷத்தில் அது அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை. கிருஷ்ணசாமியிடம் ஓடினாள். அவர் எங்கெங்கோ போன் பண்ணி ஒலக்கூருக்கு ஆள் அனுப்புவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்துவிட்டது. போகிற வழியிலேயே உயிர் போயிருந்தது.

மறுநாள் கிருஷ்ணசாமி தன் காரில் ஆபீஸ் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். அமலாவும் போனாள். வாசலில் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டிக்குள் அவனைக் கிடத்தியிருந்தார்கள். பெட்டியின் கண்ணாடிமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கெங்கம்மாள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். கிணற்று மோட்டாரை யார் பார்ப்பார்கள் என்பது மட்டும் அமலா காதில் விழுந்தது. அவள் பெண்களோடு ஒரு ஓரமாக உட்கார்ந்தாள்.

பக்கத்திலிருந்த அம்மாள் மெதுவாக விசாரித்தாள். “ஆபீஸ்லருந்து வந்தியா? எந்த ஊரும்மா நீ?”

“கண்டமங்கலம் பக்கம்.”

“கண்டமங்கலத்துல எங்க?”

சின்ன வயதிலிருந்தே அமலாவுக்கு இந்தக் கேள்வி பழக்கம். இதற்குப் பதில் சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்பதும் பழக்கம். இன்றைக்கு, இவன் தலைமாட்டில், அதைக் கேட்டுக்கொண்டு இருக்க அவளால் முடியாது. “சார் கூப்பிடறாருங்க” என்று எழுந்து, தெருமுனையில் நிறுத்தியிருந்த காருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. யாரும் தேடவுமில்லை. எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு மாலையைக் கிருஷ்ணசாமி போட்டார். மேளச் சத்தத்தோடு பாடை அவளைத் தாண்டிப் போனபோது, கூட்டத்துக்கு வழிவிட அவள் கார் கதவோடு ஒட்டிக்கொண்டாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை. பூக்கள்தான் தெரிந்தன.

வேறு ஆள் கிடைக்கும்வரை திண்டிவனத்து மெஷினையும் அவளையே பார்க்கச் சொன்னார் கிருஷ்ணசாமி. விழுப்புரத்திலிருந்தே அதற்குள் நுழைந்தாள். வழக்கம்போல எண்ணைக் கேட்டாள். பி-2 என்று சொன்னது. அதற்குப் பக்கத்தில், அந்தக் கர்னலை யார் எந்த மெஷினில் பில்டு பண்ணினார்கள் என்ற விவரமும் வந்தது. எப்போதும் வருவதுதான். எத்தனையோ தடவை அந்த வரியைப் படிக்காமலேயே தாண்டிப் போயிருக்கிறாள். இப்போது கண் அங்கேயே நின்றது. ராஜ்குமார், திண்டிவனம்.

வேர்ல்டைக் கேட்டாள். பி-1.

பின்னால் வந்து நின்ற கிருஷ்ணசாமி திரையை எட்டிப் பார்த்தார். “ரெண்டுன்னுதான காட்டுது? பாவம், வேலைய முடிச்சிட்டுத்தான் போயிருக்காரு.”

‘இல்லைங்க, பாதிதான்’ என்று சொல்லியிருக்க வேண்டும். “ஆமாங்க” என்றாள் அமலா.

மீதியைப் போட அவளுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. எல்லாவற்றையும் அவன் பில்டு பண்ணித் தயாராக வைத்திருந்தான். ஆனால் கை போகவில்லை. அவன் எந்த இடத்தில் விட்டுவிட்டு எழுந்து போனானோ அந்த இடத்திலேயே மெஷின் நின்றுகொண்டிருந்தது. இப்போதுகூட அவன் சோடா குடித்துவிட்டு வந்து மீதியைத் தொடரலாம் என்பதுபோல. தினமும் காலையில் உள்ளே போவாள், இரண்டு எண்களையும் கேட்பாள், மூடிவிடுவாள். சோடா குடிக்கச் சொன்னது தான்தான் என்பது அப்போதெல்லாம் நினைவுக்கு வரும். ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று ஒரு வார்த்தை வாயில் வந்திருக்கக் கூடாதா? கேஸ்தான் என்று அவனுக்கு முன்னால் முடிவு கட்டியது யார்?

வேர்ல்டில் இருந்த அந்த ஓட்டை வழியாக வெளியாட்கள் நுழைய ஆரம்பித்துவிட்டார்கள் என்று மறுபடியும் ஒரு மெயில் வந்தது. திண்டிவனத்தில் எத்தனையோ வீடுகள், கடைகள் அந்த மெஷினை நம்பித்தான் இருந்தன. அன்றைக்கே உட்கார்ந்து வேர்ல்டைப் போட்டு முடித்தாள். பிறகு கிருஷ்ணசாமியிடம் போய், “அன்னிக்கு முடிஞ்சிச்சின்னு சொன்னேன். முடியலீங்க. பாதிதான் போட்டிருந்தாரு. நான்தான் போடாம வெச்சிருந்தேன்” என்றாள்.

கிருஷ்ணசாமி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “இப்ப முடிஞ்சிடுச்சா?”

“முடிஞ்சிடுச்சிங்க.”

“சரி, போ. போய் சாப்புடு” என்றார்.

அடுத்து வந்த பி-3ல் வேர்ல்டில் மட்டும்தான் திருத்தம். பி-4லும் அப்படியே. கர்னலைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. அதனால் மெஷினிடம் கேட்டால் பி-2 என்றே சொல்லிக்கொண்டிருந்தது, ராஜ்குமாரின் பெயரோடு. மெயிலில் நாலு என்றிருக்கிறதே என்று கிருஷ்ணசாமி சந்தேகப்பட்டார். கர்னலில் மாற்றம் இல்லாவிட்டால் அதைப் புதிதாகப் போட வேண்டியதில்லை, போடாவிட்டால் அந்த எண் ஏறாது என்று அமலா விளக்கியதும் தலையாட்டிவிட்டுப் போனார். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அவளுடைய விழுப்புரத்து மெஷினில் அதே வேலையைச் செய்தபோது இரண்டையும் சேர்த்தே பில்டு பண்ணியிருந்தாள். அங்கே இரண்டும் நாலு. திண்டிவனத்தில் மட்டும் கர்னலை விட்டுவைத்தாள். புதிதாக மெயில் வரும்போதெல்லாம் முதலில் அது எந்தப் பாகத்தைப் பற்றியது என்றுதான் பார்ப்பாள். கர்னல் இல்லையென்று தெரிந்த பிறகே மற்றதைப் படிப்பாள்.

வீட்டில் இருதயமேரிக்கு மகளிடம் ஏதோ சரியில்லை என்று தெரிந்திருந்தது. கேட்டால் வேலை ஜாஸ்தி என்பாள் அமலா. நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் புல் செதுக்கி, பூப்போட்டு, மெழுகுத்திரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தாத்தாவின் கல்லறையில் திரியை ஏற்றிவிட்டு நிமிர்ந்த அம்மா, அமலா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு அழுவதைப் பார்த்தாள்.

“உங்க ஆபீஸ்ல செத்துப்போச்சே, அந்தப் பையனா?”

அமலா தலையாட்டினாள்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லம்மா. போன்ல பேசுவோம், அவ்ளோதான்.”

“எங்க பொதைச்சாங்க?”

“எரிச்சிட்டாங்க. அவங்க ஊர்ல.”

இருதயமேரி பையிலிருந்து இன்னொரு மெழுகுத்திரியை எடுத்து, காற்றுக்குக் கையால் மறைத்துப் பற்றவைத்து, தாத்தாவின் திரிக்குப் பக்கத்தில் ஊன்றினாள். “அவன் பேரு என்னடி?”

“ராஜ்குமார்” என்றாள் அமலா. ஆபீசுக்கு வெளியே அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா அந்தப் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணினாள்.

கிறிஸ்துமஸ் கழிந்து பி-5 வந்தது. படித்துப் பார்த்தாள். கர்னல்.

விழுப்புரத்திலிருந்தே செய்யலாம்தான். ஆனால் புதுக் கர்னல் எழுந்து வராவிட்டால் மெஷினுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். காலை பாசஞ்சரில் திண்டிவனம் போனாள். அவன் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து சோர்ஸ் கோடை இறக்கினாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அவனுடைய லாகின் இன்னும் மூடப்படாமல் இருந்தது. மூடச் சொல்லிக் கிருஷ்ணசாமி எப்போதோ சொல்லியிருந்தார், அவள்தான் தள்ளிப்போட்டிருந்தாள். மெஷினின் பொறுப்பு அவள் கையில் இருந்ததால் அந்த லாகினுக்குள் போக பாஸ்வேர்டுகூட வேண்டியதில்லை. அதிலிருந்து பில்டு பண்ணினால் புதுக் கர்னலிலும் அவன் பெயரே வரும். பி-5, ராஜ்குமார், திண்டிவனம். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. யாரும் பார்க்கப் போவதுமில்லை.

உள்ளே போனாள். கட்டளையை அடித்தாள். என்டரைத் தட்டவில்லை.

இந்த சோர்ஸ் கோடை அவன் பார்த்ததில்லை. இந்த ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது அவன் உலகத்திலேயே இல்லை. நாளைக்கு இதில் ஏதாவது தப்பு நேர்ந்தால் செத்துப்போனவன் பெயரில் அல்லவா நிற்கும்? அதைவிட, இதைச் செய்துவிட்டு அடுத்த முறையும் செய்வாள், அதற்கடுத்த முறையும் செய்வாள் என்று அவளுக்கே பயமாக இருந்தது. அடித்ததை அழித்துவிட்டு வெளியே வந்தாள். தன் பெயரில் நுழைந்து பில்டை ஆரம்பித்தாள்.

பழைய மெஷின். மத்தியானம் தாண்டியும் பில்டு ஓடிக்கொண்டிருந்தது. கொண்டு வந்த சோற்றை அங்கேயே சாப்பிட்டாள். முடிந்ததும் கர்னலைப் போட்டு ரீபூட் கொடுத்தாள். திரை கறுத்தது. அந்த நேரத்தில் அவள் பேசாமல் இருந்து பழகியவள். இப்போதும் பேசாமல்தான் இருந்தாள், ஆனால் அடுத்த முனையில் பேசாமல் இருக்க யாரும் இல்லை. எழுத்துகள் வரிவரியாக ஏறின. மெஷின் எழுந்து வந்தது.

எண்ணைக் கேட்டாள். பி-5. அமலா, திண்டிவனம்.

வேர்ல்டையும் போட்டு முடித்தாள். புதுக் கர்னலைப் போடும்போது முந்தினதை மெஷின் தானாகவே ஒதுக்கி வைத்துக்கொள்ளும், புதியது கைவிட்டால் திரும்பிப் போவதற்காக. ராஜ்குமாரின் கர்னல் அங்கே இருந்தது. அடுத்த கர்னலைப் போடும்போது அதுவும் அழிந்து, இன்றைக்கு அவள் போட்டது அந்த இடத்துக்கு வரும். வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். எடுக்கவில்லை. அவனுடைய லாகினை மூடிவிட்டு, கிருஷ்ணசாமிக்கு போன் பண்ணினாள்.

“முடிஞ்சிடுச்சிங்க. ரெண்டுமே அஞ்சு. அவரு லாகினையும் க்ளோஸ் பண்ணிட்டேன்.”

“நல்லதும்மா. பத்திரமா வா” என்றார் அவர்.

சாயங்கால ரயிலில் கூட்டம். கதவுக்குப் பக்கத்தில் தரையில் இடம் கிடைத்தது. பேரணி ஸ்டேஷன் வருவதற்கு முன்பே அமலா அழ ஆரம்பித்துவிட்டாள். இத்தனை மாதமும் வாய்க்குள் அடக்கிய சத்தம் அத்தனையும் வெளியே வந்தது. கூடைகளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். “யாராச்சும் தவறிட்டாங்களாம்மா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஆமாங்க” என்றாள் அமலா.

“யாரு, வூட்டுக்காரரா?”

அமலா முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். அந்தப் பெண் மேலே கேட்காமல், அவள் காலை நீட்டிக்கொள்ளட்டும் என்று தன் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

இப்போது திண்டிவனத்தில் கலைமதி என்ற பெண் வேலை பார்க்கிறாள். சுறுசுறுப்பானவள். வேலை விஷயமாக மட்டும் போன் பண்ணுவாள், பேசி முடித்ததும் வைத்துவிடுவாள். அவள் வந்த பிறகு கர்னல் எத்தனையோ தடவை மாறிவிட்டது. கெங்கம்மாள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் செஞ்சிப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாகக் கிருஷ்ணசாமி ஒருநாள் சொன்னார். அப்படிங்களா என்று கேட்டுக்கொண்டாள் அமலா.